காரணம் எழுதும் கட்டம்

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவள் ஏசி அக்கா. மூன்றாம் தடவை உட்காரச் சொன்னபோது, "பெஞ்சுக்கே என் மேல சலிப்பு வந்துடுச்சு" என்று எழுந்து வந்துவிட்டாள். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைப்பானேன்? பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் வேர்த்து வழிந்து நிற்கும் இடத்தில், ஒரு திருகைக் கால் சுற்று திருப்பிக் காற்றை வரவழைத்தவளுக்கு என்ன வெட்கம்? ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தள்ளியதுதான் தொடக்கம். பழைய ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டு, மூட்டத் தெரியாமல் முதலாளியிடம் வசவு வாங்கினாள். மூட்டத் தெரிந்த பிறகு அதே முதலாளியைத் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொண்டாள். ஏணியும் அவளுடையது, ஏறியதும் அவள்தான், கீழே பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்ததில்லை.

இப்போது வயது அறுபத்தொன்று. பதினோரு வருடமாகப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கூடத்தைக் குளுகுளுவென்று வைத்திருக்கும் ஒப்பந்தம் அவள் கையில். சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் நாத்தனார், "என் பையன் எல்லாத்தையும் கிளவுட்லதான் வச்சிருக்கான், வீட்டுல ஒரு பேப்பர் கிடையாது" என்று நீட்டி முழக்கினால் போதும், அக்கா செருமிக்கொள்வாள்.

"கிளவுட்னா மேகம்தானே அண்ணி? அந்த மேகத்துக்கே ஏசி போடுறவ நான். நான் கையை எடுத்தா உங்க பையன் மறுபடி பேப்பருக்குத்தான் வரணும்."

நாத்தனார் அதற்குப் பிறகு அன்றைக்குக் கிளவுட் பேச்சை எடுப்பதில்லை.

மேகம் என்று பெயர்தானே தவிர, போய்ப் பார்த்தால் இரண்டு வரிசை இரும்பு அலமாரி. அலமாரிக்குள் அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள், தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி எந்நேரமும் ஒரு இரைச்சல். தரை பலகை பலகையாகப் பதித்தது. சில பலகைகளில் சல்லடை போல ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாகக் குளிர்காற்று மேலே வந்து அலமாரியின் முன்பக்கம் நுழைந்து, சூடாகிப் பின்பக்கம் வெளியேறும். முன்சந்தில் நின்றால் நடுக்கம், பின்சந்தில் நின்றால் அடுப்பங்கரை.

அந்தக் கூடத்துக்குச் சோதனைக் களம் என்று பெயர். செயற்கை அறிவை ஆராய்கிறவர்களும் படிக்கிறவர்களும் எந்த ஊரிலிருந்தாவது வயர் வழியாக வந்து, ஒரு இயந்திரத்தை ஏழு நாளைக்கு முழுசாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதைக் கவிழ்க்கலாம், கெடுக்கலாம், கேள்வி கிடையாது. எட்டாம் நாள் காலையில் எல்லாவற்றையும் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்கா இதற்கு வைத்த பெயர் ஏழு நாள் குடித்தனம். "சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டைகூட மிஞ்சாது" என்பாள். ஒரு குடித்தனக்காரன் குருவிச் சத்தத்தைக் கேட்டு எந்தக் குருவி என்று சொல்லப் புரோகிராமைப் பழக்குவான். இன்னொருத்தி டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கப் பழக்குவாள். பாடம் கஷ்டமானால் இயந்திரம் கொதிக்கும். எந்த அலமாரி கொதிக்கிறது என்று பின்சந்தில் உள்ளங்கையைக் காட்டியே அக்கா சொல்லிவிடுவாள்.

அவளிடம் ஒரு பெரிய நோட்டு உண்டு. நேரம், எத்தனை டிகிரி வைத்தாள், விசிறி என்ன வேகம், காரணம் என்று நான்கு கட்டம். பதினோரு வருடத்தில் பதினோரு நோட்டு. முதல் மூன்று கட்டத்தில் ஒரு எண்கூடப் பிசகாது. நான்காவது கட்டம் வேறு கதை.

அந்தக் கதைக்குக் காரணம் டைரக்டர் சார். கூடத்துக்கெல்லாம் தலைவர். நல்ல உயரம், நல்ல பருமன், அதைவிடப் பருமனான பேச்சு. புதன்கிழமை பதினோரு மணிக்கு யாராவது விருந்தாளிகளை அழைத்துவந்து, கதவை அகலத் திறந்து போட்டு, சரியாக ஓட்டைப் பலகையின் மேல் இரண்டு காலையும் ஊன்றி, எதிர்காலம் எப்படி இருக்கப் போகிறது என்று ஒரு மணி நேரம் சொல்லுவார். எதிர்காலம் வருவதற்குள் பின்னால் இருக்கும் அலமாரி மூச்சுத் திணறும்.

அக்கா தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்து அடைக்குது."

"நான் நின்னா காத்து அடைக்குமா?" விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார் டைரக்டர். "எனக்கே விஞ்ஞானம் சொல்லித் தர்றாங்க பாருங்க."

விருந்தாளிகளும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அடுத்த புதன்கிழமை அவர் கார்டைத் தேய்த்து உள்ளே வந்ததும், பக்கத்து அறையில் இருந்த அக்கா இருபத்திரண்டு டிகிரியைப் பதினைந்துக்கு இறக்கி, விசிறியை முழு வேகத்துக்கு ஏற்றினாள். ஓட்டைப் பலகையின் மேல் நின்றவருடைய பேன்ட் இரண்டு காலிலும் பலூன் மாதிரி உப்பியது. எதிர்காலம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அக்கா நோட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் "வடிகட்டி சோதனை" என்று அழகாக எழுதினாள். பிறகு பதினோரு வருடமும் புதன்கிழமை தோறும் வடிகட்டி சோதனைதான். அப்படிச் சுத்தமான வடிகட்டி உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆறாண்டு வந்து நோட்டுகளைக் கேட்டார். ஆறு வருடமாக முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். மாமனாரே அவரை அப்படித்தான் கூப்பிடுவாராம்.

"அக்கா, உங்க நோட்டு அத்தனையும் எனக்கு வேணும்."

"என்னத்துக்கு தம்பி? எடைக்குப் போடவா?"

"ஐயோ, இல்லக்கா. நீங்க எப்பக் குளிரை ஏத்துறீங்க, எப்ப இறக்குறீங்கன்னு பார்த்து அதே மாதிரி செய்ய ஒரு புரோகிராமைப் பழக்கப் போறேன். உங்களை மாதிரி யாருக்கும் இந்த வேலை வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

கடைசி வாக்கியத்தில் அக்கா விழுந்துவிட்டாள். பதினோரு நோட்டையும் துணிப்பையில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். ஏழு மாதம் உட்கார்ந்து அத்தனை எண்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார் ஆறாண்டு. ஆள் வந்தால் சூடு கூடும், கதவு திறந்தால் காற்று போகும் என்று, எந்தக் கார்டு எப்போது கதவைத் திறந்தது என்ற கணக்கையும் கூடச் சேர்த்தார். காரணம் என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டார். முக்கால்வாசி இடத்தில் வடிகட்டி என்றே இருக்கிறதே, அதை எதற்கு ஏற்றுவது?

பிறகு அதே கூடத்தில் நான்கு இயந்திரத்தைக் குடித்தனம் எடுத்து, வாரா வாரம் புதுப்பித்து, புரோகிராமைப் பழக்கினார். அலமாரி கொதித்தது. அக்கா அதற்கும் சேர்த்துத்தான் விசிறினாள்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு மாதம் கூடத்தின் குளிரைப் புரோகிராமே பார்த்துக்கொள்ளும். அக்கா சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் வெளியூர்க் குழு வந்து பார்க்கும். புரோகிராம் தேறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, தேறாவிட்டால் இன்னும் மூன்று வருடம்.

வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தையல்காரர், வாய் மட்டும் கத்தரி.

"அப்போ உன் சமையலை நீயே போய் எதிர் வீட்டுக்குக் கத்துக் குடுத்துட்டு வந்திருக்க."

"ஏங்க, எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தாதீங்க. அந்த மெஷின் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மூணாம் நாள் என்கிட்டதான் ஓடி வரும்."

"மெஷின் ஓடி வராது. உன் வாய்தான் ஓடும்."

மூன்றாம் நாள் மெஷின் ஓடி வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. அக்கா பின்சந்தில் நின்று உள்ளங்கையைக் காட்டுவாள். ஐந்தாவது அலமாரி சூடேறுகிறது, இப்போது விசிறியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று நினைத்து முடிப்பதற்குள் விசிறி ஏறும். அவள் எப்போதும் செய்வது போலவே ஒரேயடியாக ஏற்றாமல், மெதுவாக, இரண்டு தவணையில். தன் நடையை வேறொருத்தி நடந்து காட்டுவதைப் பார்ப்பது போல இருந்தது. திட்டவும் முடியவில்லை, திட்டினால் தன்னையே திட்டிக்கொண்ட மாதிரி. அந்த மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கூடத்தின் சாவி இடுப்பில் இல்லாமல் எப்படி நடப்பது என்றே தெரியவில்லை.

டைரக்டர் சார் அந்த மாதம் முழுக்க வெளிநாட்டில் இருந்தார். திரும்பிய மறுநாள், புதன்கிழமை, குழு வந்தது.

குழுவுக்குத் தலைவி வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா, அதிகம் பேசவில்லை. கூட வந்தவர்களில் கறுப்பு டை கட்டிய ஒருவர் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். ஆறாண்டு புதுச் சட்டை போட்டு, விலைச் சீட்டைக் காலரிலிருந்து எடுக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். அக்கா ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். டைரக்டர் சார் கார்டைத் தேய்த்தார், கதவை அகலத் திறந்தார், ஓட்டைப் பலகையின் மேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே, எதிர்காலம்..."

தரையிலிருந்து சூறைக்காற்று கிளம்பியது. பேன்ட் உப்பியது. டைரக்டர் கட்டியிருந்த டை எழுந்து போய் அவர் வாயிலேயே விழுந்தது. எண்காட்டியில் இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினேழு என்று இறங்கியது.

"என்ன தம்பி இது?" என்றார் டையைத் துப்பிக்கொண்டே.

"தெரியல சார்... மாசம் பூரா ஒழுங்கா இருந்துச்சு சார்..." ஆறாண்டுக்குப் பதினைந்து டிகிரியில் வியர்த்தது.

டைரக்டர் கோட் எடுக்க வெளியே போனார். காற்று அடங்கியது, இருபத்திரண்டு. கோட்டோடு கார்டைத் தேய்த்து உள்ளே வந்தார். மறுபடி சூறை. இந்த முறை தலைவி அம்மாவின் காகிதங்களும் பறந்தன.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அட படுபாவி மெஷினே, அதையுமா படித்தாய்!

இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயைத் திறக்காமல் இருப்பது. புரோகிராம் தானாகவே குப்புற விழுந்துவிட்டது. பொத்திய கையை எடுக்காமல் இன்னும் பத்து நிமிடம் நின்றால் மூன்று வருடம்.

ஆறாண்டு கொண்டுவந்திருந்த நோட்டுகளில் ஒன்றைக் கறுப்பு டைக்காரர் புரட்டினார். "இதை வச்சா பழக்கினீங்க? பதரை விதைச்சா பயிரா முளைக்கும்? புதன்கிழமைன்னா பதினோரு மணிக்கு இருபத்திரண்டு, திடீர்னு பதினைஞ்சு, காரணம் கேட்டா வடிகட்டியாம். யாரோ படிக்காத கை, மனசுக்குத் தோணின நம்பரைப் போட்டு ரொப்பியிருக்கு."

கை தானாக வாயை விட்டு இறங்கியது.

"யாரைப் பார்த்துய்யா தோணின நம்பர்ங்கிற?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"படிக்காத கைதான். அதுல தப்பில்ல. ஆனா அந்த நோட்டுல ஒரு நம்பர் பொய்யுன்னு காட்டிட்டா, இந்தக் கையை நானே வெட்டிக்கிறேன். பதினைஞ்சுன்னு எழுதியிருந்தா பதினைஞ்சு வச்சேன். பதினோரு மணின்னா பதினோரு மணி. இந்த மெஷின் பிசகல சார். நான் என்ன செஞ்சேனோ அதைத்தான் செய்யுது."

"புதன்கிழமை பதினோரு மணிக்கு நீங்க என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார் தலைவி அம்மா. கூடத்துக்குள் வந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி.

அக்கா டைரக்டரைப் பார்த்தாள். அவர் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாரை விரட்டினேன்."

கறுப்பு டைக்காரர் நோட்டை மூடினார்.

"என்னது?" என்றார் டைரக்டர்.

"ஓட்டைப் பலகையில நிக்காதீங்கன்னு சொன்னேன், கேக்கல. அப்புறம் வாயால சொல்லல, காத்தால சொன்னேன். பதினோரு வருஷமா ஒரு புதன் தப்பினது கிடையாது." இந்த இடத்தில் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. "நம்பலைன்னா சோதிச்சுப் பாருங்க."

தலைவி அம்மாவுக்கு ஆவல் வந்துவிட்டது. டைரக்டரையும் சேர்த்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், காற்று அடங்கியது. தன் விருந்தாளிக் கார்டைத் தேய்த்து உள்ளே வந்தார், ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு டைக்காரர் வந்தார், ஒன்றும் ஆகவில்லை. "இப்போ சார் கார்டை அவர்கிட்ட குடுங்க" என்றாள் அக்கா. டைக்காரர் டைரக்டரின் கார்டைத் தேய்த்து, சிரித்துக்கொண்டே ஓட்டைப் பலகையில் கால் வைத்தார். கறுப்பு டை எழுந்து கண்ணாடியைச் சுற்றிக்கொண்டது. தட்டுத் தடுமாறி அவர் வெளியேறிய வேகத்தைப் பார்த்து, காலரில் விலைச் சீட்டோடு நின்ற ஆறாண்டுகூடச் சிரித்துவிட்டார். டைரக்டர் சிரிக்கவில்லை. ஆனால் மறுபடி உள்ளே வந்தபோது அந்தப் பலகையை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

தலைவி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, உங்க புரோகிராம் தேறிடுச்சு. இதை விட நல்லா யாரும் படிக்க முடியாது. பட்டத்துக்கு இது போதும்."

ஆறாண்டு கைகூப்பினார். அக்காவின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. வீட்டுக்காரர் சொன்னது சரிதான், வாய்தான் ஓடியது.

"ஆனா" என்றார் தலைவி அம்மா, "கூடத்தை இது கையில இப்பக் குடுக்க மாட்டேன். என்ன செஞ்சாங்கன்னு இதுக்குத் தெரியும், ஏன் செஞ்சாங்கன்னு தெரியாது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதை ஏன் ஏத்தல?"

"முக்கால்வாசி வடிகட்டின்னே இருந்துச்சு மேடம்."

"அந்த வடிகட்டியில எத்தனை நிஜம்?"

அக்கா விட்டத்தைப் பார்த்தாள். "வடிகட்டின்னு ஒண்ணு இருக்கிறது நிஜம்."

முடிவு அங்கேயே எழுதப்பட்டது. பதினோரு நோட்டிலும் காரணம் என்ற கட்டத்தை, எழுதிய ஆளே உட்கார்ந்து உண்மையாகத் திருத்த வேண்டும். அது முடிந்து, புரோகிராம் மறுபடி பழகித் தேறும் வரை ஒப்பந்தமும் சாவியும் அக்காவிடமே இருக்கும். டைரக்டர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடும்போது அக்காவைப் பார்க்கவில்லை.

அக்கா சிவப்புப் பேனா வாங்கினாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்.

"அக்கா, இந்த வேகத்துல போனா நாலு வருஷம் ஆகும்" என்று அழாத குறையாகச் சொன்னார் ஆறாண்டு. பட்டம் வாங்கிவிட்டார்; பெயர் மட்டும் மாறவில்லை.

"பொய்யைத்தான் தம்பி மடமடன்னு எழுதலாம். உண்மையை யோசிச்சுல்ல எழுதணும்?"

யோசிக்க நிறையவே இருந்தது. மழைக்காலத்தில் 'காற்றோட்டச் சோதனை' என்று எழுதிய ஒன்பது நாளும் பின்சந்தின் சூட்டில் வீட்டுத் துணியை உலர்த்திய நாள். 'ஈரப்பதம் சரிபார்ப்பு' என்பது கூடத்துக்குள் திருட்டுத்தனமாகத் தூங்க வந்த கணக்கரை எழுப்பியது. எல்லாவற்றையும் சிவப்பில் திருத்தினாள். திருத்தத் திருத்தச் சிரித்தாள். வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினாள்.

மூன்றாவது நோட்டில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது சிரிப்பு நின்றது. அன்று மூன்று அலமாரி சூடேறி அணைந்துபோயின. ஒன்பது பேருடைய ஆறு நாள் பாடம் அழிந்தது. எவளோ ஒருத்தி ஃபோனில் அழுததை ஸ்பீக்கரில் கேட்டாள். காரணம் என்ற கட்டத்தில் 'மின்தடை' என்று இருந்தது.

மின்தடை இல்லை. ஏசிக்குத் தண்ணீர் வரும் குழாயைக் கழுவ வால்வை மூடியவள், திறக்க மறந்துவிட்டு, வாசலில் நாத்தனாரோடு ஃபோனில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. "விட்டுத் தள்ளு, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் வீட்டுக்காரர், பித்தானுக்கு நூல் கோத்தபடி.

"யாருக்கும் தெரியாதுங்க. ஆனா அது படிக்குமே."

"எது?"

"அந்த மெஷின்தான். நான் மின்தடைன்னு எழுதினா, வால்வு மூடியிருக்கிறப்போ அதுவும் மின்தடைன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கும். அலமாரி வெந்து போகும்."

வீட்டுக்காரர் நூலைப் பல்லால் கடித்தார்.

அக்கா பேனாவைத் திறந்தாள். 'மின்தடை' என்பதன் மேல் கோடு கிழித்தாள். "வால்வைத் திறக்க மறந்தேன். தப்பு என்னுடையது" என்று எழுதினாள். அறுபத்தொரு வயதில் அந்த வார்த்தையை அவள் கை எழுதியது அதுதான் முதல் முறை. 'தப்பு' என்பதில் புள்ளி வைத்தோமா என்று ஒருமுறை சரிபார்த்தாள்.

பேனாவை மூடப் போனவளுக்கு மனசு கேட்கவில்லை. கட்டத்தில் மிச்சம் இருந்த விரல்கடை இடத்தில், பொடி எழுத்தில் சேர்த்தாள்: "அதற்குப் பிறகு ஒருநாளும் மறந்ததில்லை. வேறு எவளாக இருந்தாலும் மறந்திருப்பாள்."